ஹட்டன் எங்கே இருக்கிறது என்று கூடலூர்க் கடைத்தெருவில் கேட்டால்

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பந்தலூர்த் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அமெரிக்காவில் எத்தனை மாநிலம் என்று எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரிகிறது. இலங்கையில் எத்தனை மாகாணம், வங்கதேசத்தில் எந்த ஆறு கடலில் கலக்கிறது, நேபாளத்தில் யார் ஆட்சி என்றால் ஒருவருக்கும் தெரியவில்லை. பக்கத்து நாடுகளைப் பற்றி நமக்கு ஏன் இவ்வளவு குறைவாகத் தெரிகிறது? வெள்ளைக்கார மோகம்தான் காரணமா?"

முதலில் தேர்வுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இலங்கைக்கு ஒன்பது மாகாணம். கங்கையும் பிரம்மபுத்திராவும் வங்கதேசத்துக்குள் ஒன்று சேர்ந்து, மேக்னா என்ற பெயரில் கடலுக்குப் போகின்றன. நேபாளத்தை விட்டுவிடுகிறேன், 2008-ல் மன்னராட்சி போனதிலிருந்து அங்கே பிரதமர்கள் மாறும் வேகத்தில், நான் எழுதுவதை நீங்கள் படிப்பதற்குள் வேறொருவர் வந்துவிடலாம்.

மோகம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதையே காரணமாக வைத்தால் நம்மை நாமே திட்டிக்கொள்வதோடு பேச்சு முடிந்துவிடும். கூடலூரில் வழக்கறிஞராக உட்கார்ந்து, நிலத் தகராறும் சான்றிதழ்த் தகராறும் பார்த்தே காலத்தைக் கழித்தவன் நான். என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தவர்களை வைத்துத்தான் இதை யோசித்திருக்கிறேன். எனக்குத் தோன்றுவது இதுதான்: பிழைப்புக்கு எந்த வழி திறந்திருக்கிறதோ அந்த வழியாகத்தான் ஓர் ஊரைப் பற்றிய விவரம் வந்து சேர்கிறது. பக்கத்து நாடுகளுக்குப் போகும் வழிகள் நம் தாத்தா காலத்தில் திறந்திருந்தன. ஒவ்வொன்றாக அடைபட்டன. அடைத்தவர்கள் அரசாங்கங்கள். மறந்தது நாம்.

நீலகிரியில் கேரள எல்லையை ஒட்டிய உங்கள் தாலுகாவையே பாருங்கள். கேரளத்தைப் பற்றி உங்களுக்கு யாராவது பாடம் நடத்தினார்களா? சுல்தான் பத்தேரியில் எந்தக் கடையில் துணி மலிவு, பெரிந்தல்மண்ணாவில் எந்த டாக்டரிடம் போனால் எத்தனை மணிக்கு டோக்கன் வாங்க வேண்டும், நாடுகாணி மலைப்பாதையில் மண் சரிந்தால் நிலம்பூருக்கு வேறு எப்படிப் போவது என்பதெல்லாம் எருமாட்டிலும் அய்யன்கொல்லியிலும் பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அங்கே எந்தக் கட்சி ஜெயிக்கும் என்று சேரம்பாடி டீக்கடையில் பந்தயம் கட்டுகிறார்கள். அதே ஆட்களிடம் விழுப்புரத்தைப் பற்றிக் கேளுங்கள், விழிப்பார்கள். விழுப்புரம் நம் மாநிலம்தான், பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் பஸ் ஏறிப் போக ஒரு காரியமும் இல்லை. 2024 ஜூலை 30-ஆம் தேதி வயநாட்டு முண்டக்கையிலும் சூரல்மலையிலும் மலை சரிந்தபோது, நம் கடைத்தெருவில் யாரும் வரைபடம் தேடவில்லை. அந்தத் தோட்டங்களில் யார் யாருக்கு உறவு என்று அன்று காலையிலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இன்னொரு மலைச்சரிவைச் சொல்கிறேன். 2014 அக்டோபர் 29 அன்று இலங்கையில் பதுளை மாவட்டத்து மீரியபெத்த தோட்டத்தில் காலை நேரத்தில் மலை இறங்கி, லயன் எனப்படும் தொழிலாளர் வீடுகள் வரிசையாகப் புதைந்தன. இறந்தவர்கள் தேயிலைக் கொழுந்து பறிக்கும் தமிழர்கள். அந்தச் செய்தி வந்தபோது கூடலூர் கடைத்தெருவில் ஒரு சலனமும் இல்லை. ஆனால் மேலே டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் டிவிஷன்களில் வயதானவர்கள் அன்று வேலைக்கு இறங்கவில்லை. அவர்களில் சிலர் பதுளைப் பக்கம் பிறந்தவர்கள். மீரியபெத்தவை ஒட்டிய கொஸ்லாந்தைக்கு எந்த வழியாகப் போவது, அந்தத் தோட்டத்தில் லயன் எந்தச் சரிவில் இருந்தது என்று சொல்லக்கூடியவர்கள். கடைத்தெருவுக்கும் அந்த டிவிஷனுக்கும் நடுவே மினிபஸ்ஸில் அரை மணிப் பயணம் இருந்தால் அதிகம். அந்த அரை மணித் தூரத்தை அவர்கள் பிறந்த நாட்டைப் பற்றிய விவரம் இத்தனை ஆண்டுகளாகத் தாண்டி வரவில்லை. அது ஏன் என்று தெரிந்தால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

கதை கொஞ்சம் பழையது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும், சென்னை எழும்பூரில் எடுத்த ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரை போகலாம் என்று ஆயிற்று. தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கப்பல், மறுபடி ரயில். போட் மெயில் என்று பெயர். அதற்கும் முன்பே, கங்காணிகள் ஊர் ஊராக ஆள் பிடித்துக் கண்டிச் சீமைக்கு அனுப்பிய காலத்திலிருந்தே, திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்து வறண்ட கிராமங்களுக்கு இலங்கை மலைநாட்டு ஹட்டனும் தலவாக்கலையும் பக்கத்து ஊர் மாதிரிதான். படித்தவர்களைவிடக் கைநாட்டுக்காரர்களுக்கு இலங்கை நன்றாகத் தெரிந்திருந்த காலம் அது.

பிறகு கதவுகள் சாத்தப்பட்டன. சுதந்திரம் வாங்கிய அதே 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் லட்சக்கணக்கான தோட்டத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள்: மொத்தம் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். (பத்து வருடம் கழித்து அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். யாரை எந்தப் பக்கம் என்று அந்த மக்களிடம் கேட்டுத்தான் முடிவு செய்தார்களா என்று மட்டும் கேட்காதீர்கள்.) அந்த 1964 டிசம்பரிலேயே புயல் தனுஷ்கோடியை அடித்துக்கொண்டு போனது. கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. 1980-களில் போர் மூண்டபின் அதுவும் நின்றது.

அப்படி வந்தவர்களைக் குடியமர்த்தத்தான் 1968-ல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கினார்கள். 1976-ல் அது டான்டீ என்ற கழகமானது. சேரம்பாடி, சேரங்கோடு, நெல்லியாளம், கொளப்பள்ளி எல்லாம் அப்படி வளர்ந்த ஊர்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் புனலூரை ஒட்டிய குளத்துப்புழையில் இதேபோல ரப்பர் தோட்டம் போட்டு ஆட்களை வைத்தார்கள். ஆக, பக்கத்து நாடொன்றின் நடுமலைப் பகுதியைத் தெருத்தெருவாக அறிந்த ஆயிரக்கணக்கானவர்கள் இந்த எல்லைப்பகுதியில் வந்து இறங்கினார்கள். வேறெந்த ஊருக்கும் இப்படி ஒரு வாய்ப்பு கிடைத்திருக்காது.

நாம் அவர்களிடம் ஒன்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. "அகதிங்களா?" என்று கேட்டோம். அவர்கள் அகதிகள் அல்லர்; இந்திய பாஸ்போர்ட்டுடன், இந்தியக் குடிமக்களாக, தாயகம் திரும்பியோர் என்ற பதிவோடு வந்தவர்கள். 1983-க்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் படகில் வந்து முகாம்களில் இருப்பவர்களின் கதை முற்றிலும் வேறு. இந்த வேறுபாடு தெரியாத படித்தவர்களை நான் தினமும் சந்திக்கிறேன். சாதிச் சான்றிதழ் கேட்டுப் போன ஒரு அம்மாவிடம், "உங்கள் நாட்டில் போய் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று ஓர் அலுவலகத்தில் சொல்லி அனுப்பியதை, அவர் என் எதிரே உட்கார்ந்து, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் கையில் மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை இருந்தது. மடித்த இடமெல்லாம் கிழிந்து, செல்லோ டேப் ஒட்டி, பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்தார். தோட்டத்தின் பெயர், வந்திறங்கிய தேதி எல்லாம் அதில் இருந்தன. அந்த அட்டையை வாசிக்கத் தெரிந்தவர்கள்தான் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இல்லை.

டான்டீயில் இடம் கிடைக்காதவர்கள், கிடைத்து வெளியேறியவர்கள், ஜன்மி என்ற பழைய பெருநிலக்காரர்களுடையதாக இருந்த ஜன்மம் நிலங்களில் குடிசை போட்டார்கள். அந்த ஜன்ம உரிமையை ஒழித்த 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 17-ல் மாட்டிக்கொண்ட, உரிமை தீராத நிலம் என்றால் என்ன பாடு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கரண்டுக்கே எத்தனை காலம் அலைய வேண்டியிருக்கிறது. இந்த நிலையில் இருக்கிறவர் தன் பிள்ளையிடம் நுவரெலியாவைப் பற்றிப் பெருமையாகப் பேசுவாரா? சிலோன்காரன் என்று பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுவிடுவார்களே என்று பேச்சையே மாற்றிக்கொண்டார்கள். மூன்றாவது தலைமுறைக்குத் தாத்தா பிறந்த தோட்டத்தின் பெயர்கூடத் தெரியவில்லை. ஒரு நாட்டைப் பற்றிய விவரத்துக்கு ஊரில் மதிப்பு இல்லையென்றால், அது இருக்கும் இடத்திலேயே செத்துப்போகும். விலைபோகாத சரக்கை யாரும் கடையில் எடுத்து வைப்பதில்லை.

இலங்கை வானொலி இருந்ததே என்று பெரியவர்கள் கேட்பார்கள். இருந்தது. 1952-ல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கியதும் தமிழ்நாடே கொழும்புப் பக்கம் காதைத் திருப்பியது. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது குரல்களை நாம் நம் வீட்டு ஆட்களைப்போலக் கொண்டாடினோம். ஆனால் கொழும்பிலிருந்து நாம் கேட்டது என்ன? சென்னையில் எடுத்த படத்தின் பாட்டை. அத்தனை வருடம் அந்த நாட்டு அறிவிப்பாளர்கள் நம் காதுக்குள் பேசியும் அந்த நாட்டின் விலைவாசி என்ன, தேர்தல் என்ன, சிங்களவர் எப்படி வாழ்கிறார்கள் என்று நாம் தெரிந்துகொள்ளவில்லை. ஒலி வந்துவிட்டால் விவரமும் வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இன்றைக்குக் கைபேசியில் உலகமே இருக்கிறது என்பவர்களுக்கும் சேர்த்து.

வழி அடைபட்ட பிறகு பக்கத்து நாடு நமக்கு எந்த உருவத்தில் வருகிறது? சண்டையாக. மிளகு வியாபாரிகளைப் பாருங்கள். 1998-ல் கையெழுத்தாகி 2000-ல் நடைமுறைக்கு வந்த இந்திய–இலங்கை வர்த்தக ஒப்பந்தத்தைப் பற்றி நம் பகுதியிலும் வயநாட்டிலும் மிளகு வைத்திருப்பவர்கள் விரல்நுனியில் பேசுவார்கள். வியட்நாம் மிளகு இலங்கை வழியாகத் தீர்வை இல்லாமல் இறங்குகிறது, விலை விழுகிறது என்று போராடி, 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை நிர்ணயிக்க வைத்தார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. ஆனால் இலங்கையின் மாத்தளையில் மிளகு விளைவிக்கிறவன் எப்படிப் பிழைக்கிறான் என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய தேவை ஏற்படவில்லை.

மீனவர் பிரச்சினையில் இது இன்னும் மோசம். இலங்கைக் கடற்படை கைது என்ற தலைப்பை நாம் எத்தனை முறை படித்திருப்போம்! எதிர்க்கரையில் நம் இழுவைப் படகுகளால் வலை அறுபட்டு, கடன்பட்டு நிற்பவர்கள் யாழ்ப்பாணத்து, மன்னார்த் தமிழ் மீனவர்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? போர்க்காலத்தில் கடலுக்குள் போக முடியாமல் கிடந்து, 2009-க்குப் பிறகு மறுபடி படகை இறக்கியவர்கள் அவர்கள். கடலடியைச் சுரண்டும் இழுவை மடியை இலங்கை 2017-ல் சட்டம் போட்டுத் தடை செய்ததற்கு அவர்களுடைய போராட்டமும் காரணம். நம் ஆட்கள் மீது துப்பாக்கி நீட்டுவதை நான் ஒருபோதும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் சண்டையில் நம் பக்கம் மட்டுமே செய்தியாக வரும் என்றால், தமிழ் பேசுகிற பக்கத்து நாட்டுக்காரனைக்கூட நாம் அறிய முடியாது. வங்காளியையும் நேபாளியையும் எங்கே அறிவது?

மற்ற நாடுகளின் கதையும் ஏறக்குறைய இதேதான், சுருக்கமாகச் சொல்கிறேன். பர்மா 1937 வரை பிரிட்டிஷ் இந்தியாவுக்குள்தான் இருந்தது. ரங்கூனில் தமிழன் இல்லாத தெரு இல்லை என்ற நிலை. 1962-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, கடைகளையும் தொழில்களையும் அரசுடைமையாக்கியபின் கப்பல் கப்பலாகத் திரும்பி வந்தார்கள்; அவர்களில் மறுபடி பர்மாவுக்கே போகக் கிளம்பி, மணிப்பூர் எல்லையில் மோரே என்ற ஊரில் தங்கிவிட்டவர்கள் இன்றும் அங்கே தமிழ் பேசுகிறார்கள். நமக்கு மிஞ்சியது சென்னையின் பர்மா பஜாரும் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸும். வங்கதேசத்தில் 1952 பிப்ரவரி 21-ல் தாய்மொழிக்காகத் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானவர்களை வைத்துத்தான் யுனெஸ்கோ அந்த நாளை உலகத் தாய்மொழி நாள் என்று 1999-ல் அறிவித்தது. ஆண்டுதோறும் மொழிப்போர்த் தியாகிகளுக்கு வீரவணக்கம் செலுத்தும் நமக்கு டாக்கா மாணவர்கள் அண்ணன் தம்பி முறையாக வேண்டும். பேச்சாளர்கள் யாராவது மேடையில் அவர்கள் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை.

வேடிக்கை என்னவென்றால், நம் பக்கத்து ஆட்கள் பக்கத்து நாட்டுக்காரர்களை உண்மையில் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. அது வளைகுடா. 1988-ல் கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் கரிப்பூர் விமான நிலையம் திறந்தபிறகு நிலம்பூர், கூடலூர், பந்தலூர்ப் பையன்களுக்கு ரியாத்தும் ஷார்ஜாவும் கோவையைப் போல் ஆகிவிட்டன. அங்கே ஒரே அறையில் அடுக்குக் கட்டிலில் மேலே பெஷாவர்க்காரர், கீழே சில்ஹெட்காரர், பக்கத்தில் காத்மாண்டுக்காரர். டிரைவர் வேலை பார்த்துத் திரும்பி, என்னிடம் வழக்குக்கு வந்த ஒருவருக்குப் பாகிஸ்தானில் கோதுமை விலை முதல் பஷ்தூன் கல்யாணத்தில் எத்தனை நாள் விருந்து என்பது வரை தெரியும். தொலைக்காட்சி விவாதத்தில் பாகிஸ்தானைப் பற்றி முழங்குகிற நிபுணரைவிட அவர் பேச்சு எனக்கு நம்பிக்கையாக இருக்கிறது. எல்லை தாண்ட விடாத நம் நாடுகள், மூன்றாவது நாட்டு முதலாளியின் தயவில் ஒரே சோற்றுப் பானையைப் பகிர்ந்துகொள்கின்றன.

அரசாங்கங்கள் இதை மாற்ற முயலவில்லையா என்றால், சார்க் என்று ஓர் அமைப்பை 1985-ல் டாக்காவில் தொடங்கினார்கள். கடைசி உச்சி மாநாடு 2014-ல் காத்மாண்டுவில் நடந்தது. 2016-ல் இஸ்லாமாபாத்தில் நடக்க வேண்டியது ரத்தானது, அதோடு சரி. செய்தியாளர்களின் நிலையும் அப்படியே. பாகிஸ்தானில் இருந்த இந்தியச் செய்தியாளர்கள் இரண்டே பேர்; 2014 மே மாதம் அவர்களையும் கிளம்பச் சொல்லிவிட்டார்கள். கராச்சியில் மழை பெய்தால்கூட அது லண்டன் நிறுவனம் எழுதித்தான் நமக்கு வருகிறது. உங்கள் பாடப் புத்தக வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்: இந்தியாவுக்குள் ஆறு, மலை, ஊர் எல்லாம் இருக்கும், கோட்டைத் தாண்டினால் வெறும் வெள்ளை, நடுவில் நாட்டின் பெயர் மட்டும். பிரம்மபுத்திரா அசாமோடு நின்றுபோகும். கோடு போடும் கேள்விக்கு அந்த வரைபடத்தில்தான் நீங்களும் மதிப்பெண் வாங்கினீர்கள்.

இன்னொரு காரணத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெரிய இடத்துக்காரர்களுக்குச் சின்ன இடத்தைத் தெரிந்துகொள்ளும் கட்டாயம் இல்லை. காத்மாண்டுவில் இருப்பவருக்கு டெல்லி அரசியல் தெரிந்தே ஆக வேண்டும். எல்லையில் லாரி நின்றால் அவர் வீட்டு அடுப்பு அணையும். டெல்லிக்காரருக்கு அந்தக் கவலை இல்லை. மாலத்தீவுக்காரர் வைத்தியத்துக்குத் திருவனந்தபுரம் வருகிறார். அவருக்கு அந்த ஊர் சந்து பொந்தெல்லாம் தெரியும். பத்மநாபசாமி கோயில் பக்கத்தில் குடியிருப்பவருக்கு மாலே எந்தத் திசை என்று தெரியாது. நமக்கும் கேரளத்துக்கும் இடையிலேயே இது உண்டு: மலையாளிகள் பல தலைமுறையாகத் தமிழ்ப் படம் பார்க்கிறார்கள், சென்னைக்காரர்கள் மலையாளப் படம் பார்க்கக் கைபேசி வர வேண்டியிருந்தது.

தேர்வுக்கு மேல் உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று நீங்கள் நினைத்தால், தமிழருக்கு உள்ள ஒரு வசதி வங்காளி, நேபாளி, உருது பேசுகிறவர்களைத் தவிர இந்தியாவில் அநேகமாக வேறு யாருக்கும் இல்லை. பக்கத்து நாட்டின் நாளிதழை நாம் தாய்மொழியிலேயே படிக்கலாம். வீரகேசரி 1930-லிருந்து கொழும்பில் வருகிறது. இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. ஒரு மாதம் அதன் உள்நாட்டுச் செய்தியை மட்டும் படியுங்கள்: தோட்டச் சம்பளம், காணி உரிமை, லயன் வீடு, பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் இல்லை என்று நம் டிவிஷன்களின் பிரச்சினைகள் அப்படியே இருக்கும். 2021-ல் அந்த நாடு ரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடை செய்து, சில மாதத்தில் பின்வாங்கிய கதையையும் தேடிப் படியுங்கள். பசுந்தேயிலை விலைக்காகக் குன்னூர் ஏலத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் நம் சிறு விவசாயிகளுக்கு அதில் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது.

அடுத்து, கொளப்பள்ளியிலோ சேரங்கோட்டிலோ எழுபது வயது தாண்டிய ஒரு பாட்டியைப் பிடியுங்கள். "ஏன் வந்தீர்கள்?" என்று கேட்காதீர்கள், அவர்கள் கேட்டுக் கேட்டுச் சலித்த கேள்வி அது. "எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், பெரட்டுக்களத்தில் யார் பேர் கூப்பிடுவார்?" என்று கேளுங்கள். (பெரட்டுக்களம் என்றால் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்.) கையில் ஒரு நோட்டும், இலங்கை வரைபடமும் இருக்கட்டும். அவர் சொல்லும் ஊரையெல்லாம் அதில் குறித்துக்கொண்டே வந்தால் மத்திய மாகாணமும் ஊவா மாகாணமும் சாயங்காலத்துக்குள் நிரம்பிவிடும். அங்கே தங்கிவிட்ட தங்கை குடும்பத்தைப் பற்றியும் கேளுங்கள். நாடற்றவர்களாக மிஞ்சியிருந்தவர்களுக்கு 2003-ல்தான் இலங்கை முழுமையாகக் குடியுரிமை கொடுத்தது, அந்தத் தங்கைக்கு எப்போது கிடைத்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

போய்ப் பார்க்கவும் இப்போது வழி உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள், சில நாளில் நின்றது, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. சுமார் நான்கு மணி நேரம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் பார்த்துத்தான் ஓட்டுவார்கள் என்பதால் தேதியை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் இல்லையென்றால் தேர்வு முடிந்ததும் அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள், தம்பி. பிரிவு 17 நிலத்து முகவரி என்றால் முகவரிச் சான்றுக்குக் கொஞ்சம் இழுக்கும், என்னிடம் வாருங்கள்.